அறுபத்தைந்தாவது நிமிடம்

தேசிய உதைபந்தாட்ட அணியின் முகாமில் எட்டு நடுக்கள வீரர்கள் இருந்தார்கள். தெற்காசியப் போட்டிக்குப் போகப்போவது ஐந்து பேர். யாரை எடுப்பது, யாரைக் கழிப்பது என்று பார்த்துச் சொல்ல மூன்று பேரைக் கொழும்புக்கு அழைத்திருந்தார்கள். அதில் ஒருவர் கல்முனை ஷரிபுதீன். ஒரு காலத்தில் கிழக்கு மாகாணத்து நடுக்களத்தைக் கட்டி ஆண்ட மனிதர். இப்போது வயிறு தள்ளி, முழங்கால் தேய்ந்துபோனாலும் கண் மட்டும் தேயவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சை அவரும் நம்பினார். வினை அங்கேதான் தொடங்கியது.

பந்து காலில் இருந்தால் எவனும் ஆட்டக்காரன்தான் என்பார். பந்து இல்லாதபோது என்ன செய்கிறான் என்பதுதான் அவருக்குக் கணக்கு. அப்படிப் பார்த்ததில், ஏழாம் இலக்கம் பந்து பறிபோனால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறவன். பதினாறு நன்றாக ஓடுவான், ஆனால் தலையைத் தூக்கிப் பார்க்கமாட்டான். செக்குமாடுகூட இடைக்கிடை தலையைத் தூக்கும். எட்டாம் இலக்கம் றினாஸ் வேறு ரகம். பந்து வந்துசேர முன்னமே அது எங்கே போகவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

மருதமுனைப் பிள்ளை. இருபத்திரண்டு வயது. மௌத்தாகிப்போன மீராமுகைதீனின் மகன். மீராமுகைதீனும் ஷரிபுதீனும் ஒரே அணியில் ஆடியவர்கள். முப்பத்துநான்கு வயதில், ஒரு பெருநாள் மேட்சில், மீராமுகைதீன் பந்தைக் கொடுத்துவிட்டு நின்றான். பிறகு விழுந்தான். எழும்பவில்லை. வெயில்தான் காரணம் என்றது ஊர். அவனைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் சுமந்த ஷரிபுதீனும் அதையேதான் சொன்னார்.

முகாம் நடந்தது நோன்பு மாதத்தில். பிரயாணிகள் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு பிடிக்கலாம் என்று மார்க்கத்தில் சலுகை உண்டு. ஷரிபுதீன் அந்தச் சலுகையை எடுக்கிறவர் இல்லை. எடுக்கிறவர்களை ஒரு மாதிரிப் பார்க்கிறவர்.

முதல் நாள் ஆட்டத்தின் அறுபத்தைந்தாவது நிமிடத்தில் றினாஸ் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தான். நிமிர்ந்தபோது உதடு நாவற்பழம் தின்றவனுடையதுபோலக் கறுத்திருந்தது. மூன்றாம் நாளும் கிட்டத்தட்ட அதே நேரம், அதே குனிவு. இம்முறை இடக்கையை நெஞ்சில் வைத்து, உள்ளே யாரோ கதவைத் தட்டுவதைக் கேட்கிறவன்போல நின்றான்.

ஆட்டம் முடிந்ததும் ஷரிபுதீன் அவன் தோளில் கைபோட்டார்.

"என்ன மனே, நோன்பு வாட்டுதா?"

றினாஸ் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தான். "ஓம் சேர்" என்றான்.

"மாஷா அல்லாஹ்! வாப்பாட புள்ளதான் நீ."

தேர்வுக்கு வந்த மற்ற இருவருக்கும் அந்தத் தளர்ச்சி பிடிக்கவில்லை. நெஞ்சை ஒருமுறை டொக்டரிடம் காட்டுவோமா என்று ஒருவர் கேட்டார். ஷரிபுதீனுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "நோன்பாளியப் பத்தி நோன்பாளிக்குத்தான் தெரியும்" என்றார். அதற்குமேல் யார் வாய் திறப்பார்? அறிக்கையில் அவர் கையாலேயே எழுதினார்: எட்டாம் இலக்கம், முதல் தேர்வு. கடைசி அரைமணி நேரம் தளர்கிறான். காரணம் நோன்பு. பெருநாளோடு சரியாகிவிடும்.

ஊர் திரும்பிய இரண்டாம் நாள் பின்னேரம், வெளிநாட்டு அணியொன்றுடன் ஒத்திகை ஆட்டம். ஃபோனில் நேரலை. றினாஸ் தெரிவான செய்தியைத் தன் வாயால் சொல்லவேண்டும் என்ற ஆசையில், பேரீச்சம்பழப் பெட்டியொன்றை வாங்கிக்கொண்டு அவனுடைய உம்மா றஹீமாவின் வீட்டுக்குப் போனார். செய்தியைக் கேட்டு அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஃபோனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்து இருவரும் முதல் பாதியைப் பார்த்தார்கள். றினாஸ் ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்ல!

"நோன்போட இப்பிடி ஓடுறானே தங்கச்சி, பெருநாளுக்குப் பொறகு ஆரு இவனப் புடிக்கிற?"

றஹீமா சிரித்துவிட்டாள். "ஆரு காக்கா சொன்ன நோன்பெண்டு? கேம்புக்குப் போன நாள்லரிந்து அவன் நோன்ப விட்டுட்டான். பிரயாணந்தானே, பொறகு புடிச்சிக் களாச் செய்யலாமெண்டு நாந்தான் சொன்ன. 'ஷரிபுதீன் சேருக்கு மட்டும் தெரியப்படா உம்மா, வெக்கமாயிரிக்கி' எண்டான்."

"அப்ப பகல்ல சாப்பிடுறானா?"

"வயிறு முட்டத் தின்னுறானாம்."

ஷரிபுதீனுக்கு அந்தக் கறுத்த உதடும் நெஞ்சில் வைத்த கையும் ஞாபகத்துக்கு வந்தன. அந்தப் பிள்ளை சொன்ன பொய்யை அவரல்லவா வாயில் ஊட்டிவிட்டிருக்கிறார்! ஃபோனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், அணியின் மனேஜர் நஜீமை அழைத்தார். இடைவேளை என்பதால் நஜீம் உடனே எடுத்தான்.

"நஜீம், எட்டாம் நம்பர... கொஞ்சம் வெளியில எடுத்து வைங்களன்."

"ஏன் சேர்?"

நான் பிழையாகப் பார்த்துவிட்டேன், அவன் நெஞ்சை டொக்டரிடம் காட்டுங்கள். சொல்லவேண்டியது அவ்வளவுதான். ஆனால் உள்ளே றஹீமா கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையின் இடம் போய்விடும். கண் தேயாதவர் என்ற பேரும் போய்விடும்.

"இல்ல... களைச்சுப் போவான்" என்றார்.

"அது நோன்புக் களைப்புத்தானே சேர், உங்கட றிப்போட்ல இரிக்கே! அத வச்சித்தான் கோச் முழு ஆட்டத்தையும் குடுத்திரிக்கார். நோன்பாளியப் பத்தி நோன்பாளிக்குத்தான் தெரியும் எண்டு நீங்கதானே சொன்ன?" நஜீம் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

ஷரிபுதீன் திரும்ப அழைத்தார். இந்தத் தடவை சொல்லிவிடுவார். அல்லாஹ்மேல் ஆணையாகச் சொல்லிவிடுவார். நஜீமின் ஃபோன் நிறுத்தப்பட்டிருந்தது. இன்னொருமுறை அழைத்தார். பிறகு எண்ணாமல் அழைத்துக்கொண்டே இருந்தார்.

"காக்கா, தொடங்கிரிக்கும், கொண்டு வாங்களன்" என்று றஹீமா கூப்பிட்டாள்.

அவர் உள்ளே வந்து நேரலையை வைத்தபோது இரண்டாம் பாதியில் பாதி போயிருந்தது. திரையின் மூலையில் அறுபத்துநான்கு என்று காட்டியது. றஹீமா நோன்பு திறப்பதற்குக் கஞ்சியை இரண்டு கோப்பையில் ஊற்றிக்கொண்டே ஃபோனை எட்டிப் பார்த்தாள். பொழுது சாய்ந்து, மைதானத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள்.

எட்டாம் இலக்கம் முழங்காலில் கையூன்றிக் குனிந்தது. அகப்பை றஹீமாவின் கையில் அப்படியே நின்றது.

"ஏன் காக்கா இவன் குனிஞ்சி நிக்கான்? இவனுக்கு நோன்புமில்ல. இப்ப வெயிலுமில்லியே?"

திரையில் றினாஸ் நிமிர்ந்து, தன்னிடம் வந்த பந்தை அழகாகக் கொடுத்துவிட்டு நின்றான்.