பொழுதோடு சாப்பிட்டவன்

திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், நெற்றியில் இருந்த சந்தனப் பொட்டைத் துண்டால் அழித்ததுதான். விழுப்புரத்தில் என் பாத்திரக்கடையைத் தெரியாத ஆள் கிடையாது. திண்டிவனத்திலும் எங்கள் ஜைன ஜனங்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பார்சுவநாத நயினார் எங்கே கிளம்பிவிட்டார் என்று ஒருத்தன் கேட்டுவிட்டால் என் மானம் கப்பலேறிவிடும்.

அது கப்பலேறி நாளாகிவிட்டது என்பது வேறு விஷயம். முந்தின வாரம் கடைத்தெருச் சாக்கடை ஓரம் நான் விழுந்து கிடந்தேன். டியூஷன் முடிந்து தோழிகளோடு வந்த என் மகள் ராஜமதி பார்த்தாள். யாரோ என்பது போலத் தாண்டிப் போய்விட்டாள். மறுநாள் காலையில் என் மனைவி சாந்திமதி டிரங்குப் பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்தாள்.

"இன்னொரு வாட்டி குடிச்சிட்டு வந்தீங்கன்னா, நானும் பொண்ணும் எங்க அப்பா ஊட்டுக்குப் போய்டுவோம். கூப்ட வராதீங்க."

அன்றைக்கே ஓடிப்போய்ப் பார்த்த டாக்டர்தான் சீட்டு எழுதிக் கொடுத்தார். குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டம், சர்ச் பள்ளிக்கூடம், சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. அந்தச் சீட்டை வெளியே எடுத்து வழி கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. டீக்கடையில், "சர்ச்சுல ஒரு கூட்டம்னாங்க..." என்று இழுத்தேன்.

"ஜெபக் கூட்டமா?"

"ஆமா, ஆமா!" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடைக்காரர் கை காட்டிய இடத்தில் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுந்து வர வெட்கமாக இருந்ததால், அவர்கள் முழங்கால் போட்டபோது நானும் போட்டேன். கால் மணி நேரம் போயிருக்கும். மாதா கோயிலைப் பெருக்குகிற இருதயசெல்வி என்ற அம்மாள் குனிந்து என் காதருகே சொன்னாள்: "அண்ணே, நீங்க தேடுற ரூமு பின்னாடி இருக்குது."

நான் அவளிடம் எதுவுமே கேட்கவில்லை. அவள் பார்த்தது என் கைகளை. இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

பின்னால் ஒரு வகுப்பறை. பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் எட்டுப் பேர். பஸ் கண்டக்டர் ஒருவர் எழுந்து நின்று, "என் பேரு லூர்துநாதன். நான் ஒரு குடிநோயாளி" என்றார், டிக்கெட் கேட்கிற குரலில். எனக்குக் காது கூசியது. அடுத்தது என் முறை.

"நான் சும்மா பாக்கலாம்னு வந்தேங்க. குடிப்பேன், இல்லன்னு சொல்லல. ஆனா உங்கள மாதிரி இல்ல."

டீ வந்தது. ஜன்னலுக்கு வெளியே இருட்டியிருந்தது.

"எனக்கு வேணாங்க" என்றேன், முதுகை நிமிர்த்திக்கொண்டு. "நாங்க ஜைனருங்க. இருட்டினா வாயில எதையும் போட மாட்டோம்."

லூர்துநாதன் டம்ளரும் கையுமாக என்னைப் பார்த்தார். "அப்ப பகல்லதான் குடிப்பீங்களா, நயினாரே?"

அறை முழுவதும் வெடித்துச் சிரித்தது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. துண்டை உதறிக்கொண்டு எழுந்தேன்.

"என்னா சிரிப்பு? எண்பத்தொண்ணுல சாராயக்கடை தொறந்தாங்களே, அன்னிலேர்ந்து நாலு வருஷமா பொழுதோட சாப்ட்டுட்டுதான் கடைக்குப் போறேன். அவனவன் மல்லாட்டை, சுண்டல்னு எதையாவது கொறிச்சிக்கினு இருப்பான். நான் ஒரு மல்லாட்டையத் தொட்டதில்ல, தெரியுமா? ஒரு மல்லாட்டைய..."

நான் சொன்னது என் காதிலேயே விழுந்துவிட்டது.

பொழுது சாய்வதற்குள் சோறாக்கிவிட வேண்டும் என்று அடுப்போடு சாந்திமதி மல்லுக்கட்டுவாள். நான் சாப்பிட்டுக் கை கழுவுவேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். எங்கே போகிறேன் என்று தெரிந்துதான் அவள் தினமும் பரிமாறினாள். அந்தச் சாப்பாட்டைத்தான் நான் விரதம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சீ! என்ன மனுஷன் நான்?

உட்கார்ந்துவிட்டேன். எட்டுப் பேர் முன்னால் அழுதேன்.

"ராத்திரியிலதாங்க குடிப்பேன். தெனமும்."

லூர்துநாதன் என் முன்னாலிருந்த டம்ளரை நகர்த்தி வைத்தார். "டீய விடுங்க. இருட்டினா எதையும் வாயில போட மாட்டேன்னு நீங்கதான் சொன்னீங்க. இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் அத நெஜமா செஞ்சிடுங்க."

விழுப்புரத்தில் இறங்கி வீட்டுக்குப் போகிற வழியில்தான் சாராயக்கடை. "வாங்க நயினாரே, ஏன் லேட்டு?" என்று கடைக்காரன் கூப்பிட்டான். கால் தானாக நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளே போக மனம் கிடந்து தவித்தது.

"இருட்டிடுச்சுப்பா" என்றேன்.

அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். நான் நடந்துவிட்டேன்.

வீட்டில் பெட்டி அதே இடத்தில் இருந்தது. சாந்திமதி கிட்டே வந்து, பால் திரிந்துவிட்டதா என்று பார்ப்பது போல என் வாயை முகர்ந்தாள். ராஜமதி பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் எதிரில் வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

"இருட்டினப்புறம் ஒண்ணும் வாயில போடல" என்றேன்.

சாந்திமதி சிரிக்கவும் இல்லை, பெட்டியை நகர்த்தவும் இல்லை.

"நாளைக்கும் இருட்டும்" என்றாள்.