பதினேழாம் கண்ணாடி

மேஸ்திரியின் பேன்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டு மனைவி துழாவிக்கொண்டிருந்தபோது அவர் இறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. பேன்ட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. மேஸ்திரி கூடத்தில் கிடந்தார், இத்தனை பேர் வீட்டுக்கு வந்திருக்கிறார்களே என்ற அக்கறை கொஞ்சமும் இல்லாமல்.

"என்னம்மா தேடுற?" என்றாள் மகள்.

"சாவி."

"எந்தச் சாவி?"

"உங்க சின்னம்மா வீட்டுச் சாவி."

மகள் அழுது வீங்கிய முகத்தோடு தாயைப் பார்த்தாள். அந்த வீட்டில் சின்னம்மா என்றால் ஒருத்திதான். இரண்டு தெரு தள்ளி, முப்பது வருடமாகப் பூட்டிக் கிடந்த பழைய தபால் ஆபீஸ் கட்டடம். வயது நூற்று முப்பது. மூன்று மாடி. அதற்குள் குடியிருந்த புறாக்களுக்கு ஓட்டுரிமை கொடுத்திருந்தால் நகராட்சியையே கவிழ்த்திருக்கும். ஓய்வு பெற்ற வயதில் மேஸ்திரி அவள் மேல் மையல் கொண்டதிலிருந்து, "சக்களத்தி எப்படி இருக்கா?" என்றுதான் வீட்டில் தினமும் விசாரணை நடக்கும்.

அதை இடித்துக் கார் நிறுத்துமிடம் கட்ட நகராட்சி துடித்தது. இடிக்காமல் அறுபத்து நாலு சின்ன வீடுகளாகத் தடுத்து, பஸ் ஓட்டுகிறவர், நர்ஸ், துப்புரவுத் தொழிலாளி போன்றவர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விட வீட்டுவசதிச் சங்கம் ஒன்று கேட்டது. நகராட்சி ஒரே நிபந்தனை போட்டது. சுவர்கள் ஒரு வருடம் அசையாமல் நிற்க வேண்டும்.

சுவர்களில் நாற்பத்தொரு விரிசல். ஒவ்வொன்றின் குறுக்கேயும் விரல் நீளக் கண்ணாடிப் பட்டை ஒன்றை வைத்து, இரு முனையையும் சிமென்ட்டால் பூசினார்கள். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். காவலுக்கு மேஸ்திரி. தினமும் காலையில் போய்ப் பார்த்து, ரிஜிஸ்டரில் நாற்பத்தொரு தடவை 'உடையவில்லை' என்று எழுதுவார். ஒரே ஒரு கோடு போட்டு 'மேற்படி' என்று எழுதினால் கை தேய்ந்தா போகும் என்று அவள் கேட்டதுண்டு. ஒவ்வொண்ணும் தனித்தனி ஆளுடி என்பார்.

இன்றோடு அந்த வருடம் முடிகிறது. பதினொரு மணிக்கு எஞ்சினியர் வந்து கண்ணாடிகளைச் சோதிக்க வேண்டும். காவலரோ அவர் வீட்டு ஆளோ பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"போன் பண்ணி நாளைக்கு வரச் சொல்லும்மா. அப்பா இப்படிக் கெடக்கும்போது..."

"நாளைக்கு எஞ்சினியர் வரமாட்டாங்கடி. இடிக்கிற வண்டி வரும்."

கூடத்தைக் கடக்கும்போது நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "புருஷன் இங்க கெடக்கான். நீ கட்டடம் பாக்கப் போறியா?"

"எந்திரிக்க முடிஞ்சா அவரே போயிருப்பாரு அண்ணி. நாலு மணிக்குத்தானே எடுக்குறாங்க? அதுக்குள்ள வந்துடுவேன்."

நேற்று மழையில் நனைந்து வந்தவர், "படி ஏறினா மூச்சு வாங்குதுடி" என்றார். "சின்னவ வீட்டுப் படின்னா வாங்கத்தான் செய்யும்" என்று இவள் சொன்னாள். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். விடியற்காலையில் தண்ணீர் கேட்டார். டம்ளரோடு அவள் திரும்பி வந்தபோது குடிக்க ஆள் இல்லை.

சாவியை முந்தானையில் முடிந்து, ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். நெஞ்சுக்குள் பதினேழு என்ற எண் கல்லாகக் கிடந்தது.

நாலு மாதத்துக்கு முன்பு அவளைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டாம் மாடியில் ஓர் அறையைக் காட்டினார். பெரிய ஜன்னல். "சங்கத்துல எழுதிக் கொடுத்துட்டேன். இது நமக்கு" என்றார்.

"இதுவா? இந்த அறைக்குப் பேயே வாடகை குறைச்சுக் கேக்கும்!" என்று அவள் கையை வீசினாள். அவர் அதற்குள் மொட்டைமாடியில் யாரோ கூப்பிட்டு ஏறிப் போயிருந்தார். முழங்கை பட்டுப் பதினேழாம் கண்ணாடி தூள் தூளாகிவிட்டது.

அவருடைய பையில் மிச்சப் பட்டைகள் இருந்தன. ரிஜிஸ்டரில் சீட்டு ஒட்டும் கோந்து இருந்தது. ஒன்றை ஒட்டினாள். சில்லுகளைக் கூட்டி ஜன்னல் வழியே கொட்டினாள். அவர் இறங்கி வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வீடு பரவாயில்லை" என்று சொல்லிவைத்தாள். அது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கோந்தில் ஒட்டிய கண்ணாடி, சுவர் நகர்ந்தாலும் கூடவே வழுக்கிக்கொடுக்கும். ஆயுசுக்கும் உடையாது. சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்றே நாலு மாதம் ஓடிவிட்டது.

எஞ்சினியர் வாசலிலேயே நின்றிருந்தாள். மகளைவிட இளையவள்.

"மேஸ்திரி ஐயா வரலையாம்மா?"

"இன்னிக்கு முடியல."

"மழையில நனையாதீங்கன்னு நேத்தே சொன்னேன். கேக்குற ஆளா அவரு?"

"எங்க கேக்குறாரு" என்றாள்.

டார்ச் ஒவ்வொரு கண்ணாடியாகத் தொட்டுக்கொண்டு மேலே ஏறியது. ஒன்று, சரி. ஒன்பது, சரி. பதினாறு, சரி. பதினேழாம் கண்ணாடி இருந்த அறைக் கதவை எஞ்சினியர் தள்ளினாள்.

மேஸ்திரி மனைவியின் மனதுக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். வாயை மூடு, ஒரு வார்த்தையில் அறுபத்து நாலு வீடு போய்விடும், அவருடைய ஒரு வருடம் போய்விடும். வாயைத் திற, சுவர் நிஜமாகவே நகர்ந்திருந்தால் அறுபத்து நாலு குடும்பம் இதன் அடியில் படுத்துத் தூங்கும்.

"நில்லும்மா" என்றாள். "அந்தக் கண்ணாடிய நம்பாத. பழசை நான்தான் உடைச்சேன். அவருக்குத் தெரியாம வேற ஒண்ணைக் கோந்துல ஒட்டிட்டேன். அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

எஞ்சினியர் அவள் கையிலிருந்த ரிஜிஸ்டரை வாங்கி, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டினாள். மேஸ்திரியின் கோணல் எழுத்து.

'எண் 17. உடைந்தது. சுவர் அசையவில்லை. வீட்டுக்காரியின் முழங்கை அசைந்தது. முப்பது வருடத் தூசியில் மூன்றடி தரை மட்டும் பெருக்கியிருக்கிறது. பேய் பெருக்காது. எஞ்சினியருக்குத் தகவல் சொன்னேன்.'

"மறுநாளே என்னை வரச் சொல்லிட்டாரும்மா" என்றாள் எஞ்சினியர். "விரிசலை அளந்து பாத்தோம், முன்ன இருந்த அளவுதான். கோந்தைச் சுரண்டிட்டு, நீங்க ஒட்டின அதே பட்டையை சிமென்ட்ல பதிச்சாரு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. 'அவளா வந்து சொல்லுவா, அன்னிக்கு நான் ஒண்ணும் தெரியாத மாதிரி முழிக்கணும்'னு சிரிச்சாரு. கண்ணாடி முன்னாடி நின்னு முழிச்சுப் பழகுறேன்னு வேற சொன்னாரு."

டார்ச் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்தது. இரு முனையிலும் சிமென்ட். நடுவே ஒரு கீறல்கூட இல்லை.

"பதினேழு, சரி" என்றாள் எஞ்சினியர்.

நாற்பத்தொன்று வரை எல்லாம் சரியாக இருந்தது. படிக்கட்டின் அடியில் காகிதத்தை வைத்து, காவலர் என்று போட்டிருந்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். எஞ்சினியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவள் கைகளைப் பிடித்துக் குலுக்கினாள்.

"இனி யாரும் இதைத் தொட முடியாதும்மா. ஐயாகிட்டச் சொல்லுங்க, ஜெயிச்சுட்டாருன்னு. நாளைக்கு நானே வந்து பாக்கறேன்."

"சொல்றேன்" என்றாள். பிறகு, "நீ போம்மா. நான் பூட்டிக்கிறேன்."

மறுபடி இரண்டு மாடி ஏறினாள். அவளுக்கும் மூச்சு வாங்கியது.

பதினேழாம் கண்ணாடி அறையை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். வெளியே கூடம் முழுக்கக் கணுக்கால் அளவு தூசி. இந்த அறை மட்டும் மூலைக்கு மூலை சுத்தமாக இருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு விளக்குமாறு நின்றிருந்தது. புதிதாக வாங்கி, தினம் பெருக்கிப் பாதி தேய்ந்துபோன விளக்குமாறு. நேற்று ஒருநாள் மட்டும் பெருக்கவில்லை போலிருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே சருகும் புறா இறகும் கிடந்தன. கதவிலிருந்து பதினேழாம் கண்ணாடி வரைக்கும் சேற்றுச் செருப்பின் தடம் காய்ந்திருந்தது. கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பாதங்களும் சேர்ந்து, கொஞ்ச நேரம் நின்றிருந்தன.

கட்டட வாசலில் வண்டி ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "அம்மா!" என்று கீழேயிருந்து மகள் கூப்பிட்டாள்.

"வர்றேன்டி."

அவள் விளக்குமாற்றை எடுத்தாள். ஜன்னல் மூலையில் ஆரம்பித்துச் சருகையும் இறகையும் ஒதுக்கினாள். சுவரோரமாகப் பெருக்கிக்கொண்டே வந்தாள். கண்ணாடிக்கு முன்னால் வந்ததும் விளக்குமாற்றைக் கொஞ்சம் தூக்கி, அந்த இரண்டு தடங்களையும் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் பெருக்கினாள்.