வெள்ளிக்கிழமை ரயில்

அம்மா மாரித்தாயின் உடலைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் ஆற்றங்கரைக்குப் போனதும், அவள் கிடந்த முன்கூடத்தை முத்துராணி கழுவிவிடத் தொடங்கினாள். நசுங்கிய சாமந்தி இதழ்கள் வாசற்படி வரை ஓடித் தேங்கின. எட்டு மாதமாகச் சரியான தூக்கமில்லை. அழுவதற்குக்கூடத் தெம்பு மிச்சமில்லாதது போல் இருந்தது.

அத்தை ஞானம்பாள் இன்னொரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"இனி நீ கவலையில்லாம சிங்கப்பூருக்குப் போலாம்ட்டி. உங்கம்மைக்கு எந்நேரமும் அதே பேச்சுதான். ஸ்ரீவைகுண்டத்துல ஒருத்தர் பாக்கியில்ல, எல்லார்ட்டயும் சொல்லியாச்சு."

முத்துராணி துடைப்பத்தை நிறுத்தவில்லை.

நிதிப் பொறியியல் மேற்படிப்புக்கு அவளுக்கு இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருந்தது. சிங்கப்பூரில் ஓராண்டு; பங்குச் சந்தை விலைகளோடு நேரடியாக மல்லுக்கட்டும் படிப்பு, முடித்த கையோடு வேலை. அதற்காகத்தான் மூன்று வருடம் தயார் செய்தாள். சென்னையில் இரண்டாண்டு, பெரும்பாலும் ஏட்டுக் கணிதம். இரண்டு பாடத்திட்டங்களையும் அச்செடுத்து வைத்திருந்தாள். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அம்மாவின் ரத்தம் டயாலிசிஸ் இயந்திரத்தில் ஓடும் நான்கு மணி நேரமும் அந்தத் தாள்கள் அவள் மடியில் இருக்கும்.

"எதுட்டி நல்லது?" என்று மாரித்தாய் ஒருநாள் கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுன்னா எதுக்கு இத்தன நாளா அதயே பாத்துக்கிட்டு இருக்க? சிங்கப்பூருக்கே போ."

"சரிம்மா" என்றாள்.

செவ்வாயும் வியாழனும் அப்பா வாழைத்தோட்டத்தை விட்டுவிட்டு வரலாம். சனிக்கிழமைக்கு ஆள் வேண்டும். சென்னையென்றால் வெள்ளிக்கிழமை ரயிலேறி, விடிந்ததும் திருநெல்வேலியில் இறங்கிவிடலாம். பதில் சொல்லக் கடைசி நாளான போன வியாழக்கிழமை, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றபடி, சேரவில்லை என்று சிங்கப்பூருக்கு எழுதி அனுப்பினாள். உள்ளே வந்து அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் அம்மா எழுந்திருக்கவில்லை.

வெயில் தாழ ஆண்கள் ஈரத்துணியோடு திரும்பினார்கள். அப்பா பெருமாள்ராஜ் தலையைத் துவட்டாமல் சுவரோரம் உட்கார்ந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பியதும் அவளைக் கேட்டார்.

"சிங்கப்பூருக்கு எப்பம்மா கெளம்பணும்?"

"போகலப்பா. வரலன்னு எழுதிட்டேன்."

"எப்ப?"

"வியாழக்கெழம."

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"நல்லது" என்றார். பிறகு, "இப்பக் கேட்டா எடம் குடுப்பாவளா?" என்றார்.

"தெரியல."

"கேட்டுப் பாரு. இங்கன நான் இருந்துக்கிடுதேன்."

அன்றே எழுதினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. முதல் இரண்டு வரிகள் அனுதாபம். மூன்றாவது வரியில், அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விட்டது என்றும், விரும்பினால் அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும் இருந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தாள். தூக்கம்தான் வந்தது.

மதியம் அப்பாவுக்கு இலை போட்டுச் சோறு வைத்தாள்.

"குடுக்கலப்பா. சென்னைக்குத்தான்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"வாரா வாரம் வந்து அலையாத. மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்."

"சரிப்பா."

இலைக்குப் பக்கத்தில் தம்ளரில் தண்ணீர் வைத்தாள். நாளொன்றுக்கு மூன்று தம்ளருக்கு மேல் அம்மா குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அந்த வீட்டில் யாரும் அவள் கண்முன்னால் தண்ணீர் குடித்ததில்லை.

பெருமாள்ராஜ் சாப்பிட்டு எழுந்து கை கழுவினார். தம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய், கதவுக்குப் பின்னால் நின்று குடித்துவிட்டு வந்தார்.