ஐஸ் பெட்டியும் கொல்லன் துருத்தியும்

சாக்கை அவிழ்த்து மரத்தூளை உதறியபோது சிவசண்முகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. தூத்துக்குடியில் ரயிலேற்றும்போது ஆட்டுக்கல் போல இருந்த பனிக்கட்டி, பாலத்து ஸ்டேஷனில் இறங்கி மாட்டுவண்டியில் டவுணுக்கு வந்து சேர்வதற்குள் அம்மிக்குழவி அளவுக்கு இளைத்திருந்தது. அந்த ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தாவாக இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் அவனுக்கு வாய்த்த செல்வாக்கு இந்தக் கட்டி ஒன்றுதான். அதுவும் கையில் நிற்கவில்லை.

கட்டியை மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் இறக்கி மூடினான். தகரத்தின் ஒரு பக்கத்து ஓட்டையில் துருத்தியின் மூக்கு. மறுபக்கத்து ஓட்டையிலிருந்து ஒரு மூங்கில் குழாய் கிளம்பி, மாமியார் வீட்டுச் சன்னல் பலகையில் போட்ட துளை வழியாக உள்ளே போயிற்று. சீமைப் பத்திரிகையில் பார்த்த குளிர்காற்றுப் பெட்டியின் படத்தில் அழகான விசிறி இருந்தது. இவனுக்குக் கிடைத்தது கொல்லன் மாடக்கண்ணுவின் துருத்தி.

"இரும்பக் காய்ச்சுததுக்குத்தான் இத வச்சிருக்கேன் பிள்ளைவாள். ஆறவைக்கக் கேட்டு வந்த ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்று சிரித்தபடியேதான் கொடுத்தான் மாடக்கண்ணு. விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தானே சந்து வரைக்கும் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனான்.

விஷயம் இதுதான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த சிவசண்முகத்தின் பெண்டாட்டி கோமு ஆண்பிள்ளை பெற்றாள். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது, இறங்கவேயில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் வாசலில் நின்று விசாரித்துவிட்டு, உடம்புச் சூட்டைத் தணித்தால்தான் பிழைப்பாள் என்றார். வைத்தியர் வந்து, பச்சை உடம்பில் காற்றுப் பட்டால் பிழைக்கமாட்டாள் என்றார். இரண்டு பேரும் அடித்துச் சொன்னார்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் பிள்ளை பெற்ற அறை அடைத்துக் கிடந்தது. கட்டிலுக்கடியில் கங்குச் சட்டி வேறு. தீட்டுக் கழியும்வரை ஆம்பிளை யாரும் அந்த அறைக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது. கட்டின பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல், மாமியார் வீட்டுச் சந்தில் வெயிலில் குந்தி, அவளுக்குக் காற்று அனுப்பிக்கொண்டிருந்தான் சிவசண்முகம். அழைத்த நேரத்தில் சாப்பிட்டுப் போகிற விருந்தாளி அவன்; அந்த வீட்டில் அதற்கு மேல் அவனுக்கு அதிகாரமில்லை.

"அத்தை, காத்து வருதா?"

"வருது மாப்பிள்ளை, நல்லாவே வருது" என்றாள் உள்ளேயிருந்து சொர்ணாம்பாள்.

அவனுக்கு உற்சாகம் பிறந்தது. தகர மூடியின் இடுக்கில் கசிந்த குளிர் முழங்காலில் பட்டது. கசிவதே இப்படியென்றால் உள்ளே கோமு எப்படிச் சுகமாகக் கிடப்பாள் என்று எண்ணி, தோள் இற்றுப்போகிற மாதிரி அமுக்கினான். ஆனால் போகப்போகத் துருத்தி முரண்டு பிடித்தது. மரத்தூள்தான் அடைத்துக்கொண்டது என்று நினைத்து மூங்கிலை உருவினான்.

உள்முனையில் பழஞ்சேலைத் துணி இறுக்கித் திணித்திருந்தது. அதைப் பிடுங்கிக் கையில் வைத்தபோது கங்குச் சூடு இன்னும் ஆறாமலிருந்தது.

சன்னலுக்குப் பின்னாலிருந்து சொர்ணாம்பாளின் குரல் வந்தது.

"என் பெரிய மவளும் பிள்ளை பெத்து இந்தக் கட்டில்லதான் கெடந்தா மாப்பிள்ளை. புழுங்குது புழுங்குதுன்னா. பெத்த மனசு கேக்காம இந்தச் சன்னலத்தான் செத்த நேரம் தொறந்து வச்சேன். ஜன்னி கண்டு போயிட்டா. நீங்க என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

சொல்வதற்கு அவனிடம் நிறைய இருந்தது. டாக்டர் சொன்னது, பத்திரிகையில் படித்தது எல்லாம் தொண்டை வரை வந்தன. குளிர்காற்று உள்ளே போய், அதன்பின் கோமுவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஆகாது என்று சூடமணைத்துச் சத்தியம் பண்ண அவனால் முடியுமா? முடியாது. இந்தப் பெட்டியால் ஒரு எறும்பாவது குளிர்ந்ததா என்றுகூட அவனுக்குத் தெரியாது. கோபப்படவும் திராணியில்லாமல் துணியைப் பிடித்தபடி நின்றான்.

"ஏன் நிப்பாட்டிட்டிய?" கோமுவின் குரல்தான். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"துணி அடச்சிருந்துச்சு கோமு. காத்து வரவேயில்ல."

"தெரியும். நீங்க ஊதுங்க. அந்தச் சத்தம் கேட்டா நீங்க கிட்ட இருக்கியன்னு இருக்கு."

துணியைக் கீழே போட்டான். குழாயைத் துளைக்குள் மறுபடி செலுத்திவிட்டு உட்கார்ந்தான். தகரத்துக்குள் கட்டி முழுக்கக் கரைந்து வெறும் தண்ணீர்தான் அலம்பியது. இருந்தாலும் அமுக்கினான். இரண்டு மூச்சு தடையில்லாமல் உள்ளே போயிற்று. மூன்றாவதில் குழாயின் மறுமுனையை ஒரு உள்ளங்கை வந்து பொத்தியது. காற்றை மறிக்கிற தாயின் கையா, குளிர்ச்சி தேடி நீண்ட கோமுவின் கையா, தெரியவில்லை. கேட்கவும் பயமாயிருந்தது. அந்தக் கைக்கு வலிக்காதபடி, அவன் பையப் பைய ஊதினான்.