சனிக்கிழமை மூன்று முதல் ஐந்து வரை

என் தம்பி தன் மகளைப் பார்க்க என் வீட்டுக்கு வருவான். சனிக்கிழமை மூன்று மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போய்விட வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் நான் அதே அறையில் இருந்தாக வேண்டும் என்பது கோர்ட் உத்தரவு. சின்ன வயதில் அவனுக்கு மூக்குத் துடைத்துவிட்டவள் நான். இப்போது அவனுக்குக் காவல். நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொண்டு, துணி மடிக்கிற சாக்கில் இரண்டு கண்ணையும் அவன் மேலேயே வைத்திருப்பேன்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நான்கு வருடத்துக்கு முன் வேலை பார்க்கும்போது கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். எலும்பு கூடியது, மாத்திரை விடவில்லை. ஒன்று நான்காகி, நான்கு பத்தாகி, வலிக்காகப் போட்டது போய், போடாவிட்டால் வலிக்கும் என்றானது. அவன் மனைவி அதற்கு வெகு முன்பே கைக்குழந்தையை அவனிடம் விட்டுவிட்டு, பிள்ளை வேண்டாம் என்று கையெழுத்தும் போட்டுவிட்டு, வேறு ஊரில் வேறு குடும்பம் ஆகிவிட்டாள். ஒருநாள் அவன் மாத்திரையை விழுங்கிவிட்டு அசந்து கிடக்க, பிள்ளை பள்ளிக்கூட வாசலில் இருட்டும்வரை பையை மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. காவலாளி போலீசைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து அவள் என்னிடம்தான். ஒரு வருடம் எட்டு மாதம்.

அவளுக்கு இப்போது ஏழு வயது. உருண்டையாக, பொடிசாக இருப்பதால் எல்லாருக்கும் அவள் பட்டாணி. தலைமுடி மட்டும் ஆளைவிடப் பெரிசு. காலையில் அதைச் சிக்கெடுத்து, நீலக் கிளிப்பைக் குத்திவிடுவதற்குள் எனக்கும் அவளுக்கும் ஒரு குட்டிச் சண்டையே நடந்து முடிந்துவிடும். தூங்கும்போது என் வயிற்றில் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்வாள். எனக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் சொல்கிறேன். தம்பி மாத்திரையை விட்டுப் பதினொரு மாதமாகிறது. வாராவாரம் சிறுநீர்ச் சோதனை. கடைசிச் சோதனை வரும் திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை கோர்ட். அதிலும் தேறிவிட்டால் பட்டாணி அவனோடு போய்விடலாம். அவன் தேறக் கூடாது என்று நான் நினைத்தேன். கூடப் பிறந்தவனைப் பற்றி அப்படி நினைக்கலாமா என்றால், கூடாது. நினைத்தேன்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை அவன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கெட்டு ஒரு மாதம். நான்கு மாடி ஏறியிருக்கிறான்.

"லிஃப்ட் மெக்கானிக்கோட அக்கா வீட்டுல லிஃப்ட் ஓடல. வெளியில சொன்னா சிரிப்பாங்க" என்றேன்.

"நான் இப்போ குடோன்ல ஸ்பேர் பார்ட்ஸ் எண்ற ஆளுக்கா. லிஃப்டைத் தொடக் கூடாது" என்று சிரித்தான்.

அப்பாவும் மகளும் தரையில் உட்கார்ந்து செருப்பு டப்பாவில் லிஃப்ட் செய்தார்கள். நூல்கண்டு சக்கரமானது. தீப்பெட்டி ஏறி இறங்கும் பெட்டியானது. அழிரப்பர்தான் பயணி.

"ரெண்டு பேருக்கு மேல ஏறக் கூடாதுப்பா. அத்தை ஏறுனா நூல் அறுந்துடும்" என்றாள் பட்டாணி.

"உங்க அத்தை காதுல விழுந்துது, ரெண்டு பேருக்கும் டீ கிடையாது" என்றான் தம்பி.

அப்போது லிஃப்டில் ஒட்ட வைத்திருந்த ஒரு சட்டைப் பொத்தான் கட்டிலுக்கு அடியில் உருண்டது. எழுந்து போய் எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். நிமிர முடியவில்லை. முகம் வெளுத்து வியர்த்துவிட்டது.

நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். நாள் முழுக்க ஈரப் படுக்கைவிரிப்பை இழுத்துப் போடுகிற வேலை. அங்கே முதுகு வலிக்காத ஆளே கிடையாது. எல்லார் பையிலும் மாத்திரை இருக்கும். என் கைப்பையைத் திறந்து அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, தண்ணீரோடு நீட்டினேன்.

"போட்டுக்கோ. பத்து நிமிஷத்துல கேட்டுடும்."

வாங்கிவிட்டான். பாதி வழியில் கை நின்றது.

"அக்கா, அட்டையைக் காட்டு."

எனக்குச் சுருக்கென்றது. "ஏண்டா, நான் என்ன விஷமா குடுக்கிறேன்?"

"காட்டுக்கா."

ஜன்னல் பக்கம் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தான். மாத்திரையையும் அட்டையையும் சேர்த்து என் உள்ளங்கையில் வைத்தான்.

"பேருதான் வேற, இதுவும் அந்த வகைதான். திங்கக்கிழமை காட்டிக் குடுத்துடும். அதுகூடப் பரவாயில்ல, ஒண்ணோட நிறுத்த என்னால முடியாது." கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "இதைப் பூட்டி வை. என் கண்ணுலயும் பட வேணாம், அவ கைக்கும் எட்ட வேணாம்" என்றான்.

பிறகு தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டான். பட்டாணி செருப்பு டப்பாவை அவன் நெஞ்சின் மேல் வைத்து, "அப்பா, மூச்சு விடாத, லிஃப்ட் ஆடுது" என்று அதட்டினாள். ஐந்து மணிவரை அவன் எழுந்திருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எட்டாவது மாடி, ஒன்பதாவது மாடி என்று அறிவித்துக்கொண்டிருந்தான்.

அவன் போன பிறகு பால் எடுக்கப் போனேன். குளிர்பெட்டிக் கதவில் நானே ஒட்டிவைத்த தாள். அவனுக்குக் கொடுக்கக் கூடாத மாத்திரைகளின் பட்டியல், மறுவாழ்வு மையத்தில் கொடுத்தது. என் மாத்திரை இரண்டாவது வரியில் இருந்தது. ஒரு வருடமாக அந்தக் கதவைத் தினம் இருபது தடவை திறக்கிறேன். தெரியாமல்தான் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். முழுசாக நம்ப முடியவில்லை.

திங்கட்கிழமை சோதனையில் அவன் தேறினான்.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் குழந்தைகள் நல அதிகாரி தன் அறிக்கையை வாசித்தார். தகப்பன் சோதனைகளில் தேறியிருக்கிறார், ஆனால் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்பமாட்டார் என்று உறுதி சொல்ல முடியாது, அத்தை வீட்டில் குழந்தை நன்றாக இருக்கிறது, இன்னும் ஆறு மாதம் அங்கேயே இருக்கட்டும். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நீதிபதி அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

சரிங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தம்பியைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டிருந்தான். மாத்திரை விஷயத்தை அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வக்கீலிடம் ஒரு வார்த்தை போட்டிருந்தால், அந்த அறிக்கையில் என் வீட்டைப் பற்றி ஒரு நல்ல வரி இருந்திருக்காது. அக்கா மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, பிள்ளையே கையைவிட்டுப் போகிற நேரத்திலும் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் மடையன்.

"சனிக்கிழமை நான் அவனுக்கு மாத்திரை குடுத்தேங்க" என்றேன்.

தம்பி, "அக்கா!" என்று எழுந்துவிட்டான். அதிகாரியின் பேனா நின்றது.

"என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா?" என்றார் நீதிபதி.

"தெரியுதுங்க. குடுக்கக் கூடாத மாத்திரை. தப்பு என்னோடது. ஆனா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிமிர முடியாம நின்னவன், கூடப் பொறந்தவ கையால குடுத்ததை வாங்கிப் படிச்சுப் பார்த்துட்டு, திருப்பிக் குடுத்துட்டான். நீங்க வைக்கிற சோதனையில அவன் உடம்புல என்ன இல்லைன்னுதான் தெரியும். அவன் எதை வேணாம்னு சொன்னான்னு தெரியாதுங்க. அதைப் பார்த்தது நான் ஒருத்திதான்." தம்பி பக்கம் திரும்பாமலே சொன்னேன். "அவ அவன்கிட்டயே இருக்கட்டும்ங்க."

நீதிபதி வெகுநேரம் எழுதினார். பட்டாணி அப்பாவோடு போகலாம், அதிகாரி மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்ப்பார். அத்தை வாரம் ஒருமுறை குழந்தையைப் பார்க்கலாம். முதல் மூன்று மாதம் தகப்பன் உடனிருக்க வேண்டும், அத்தை மாத்திரை எதுவும் கொண்டுவரக் கூடாது. சனிக்கிழமை, மூன்று முதல் ஐந்து வரை.

முதல் சனிக்கிழமை. அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே நூல்கண்டு உருளும் சத்தமும் பட்டாணியின் அதட்டலும் கேட்டன. கதவைத் திறந்த தம்பியிடம், அவன் கேட்பதற்கு முன்பே கைப்பையை நீட்டினேன்.

"என்னக்கா இது?" என்றான், சங்கடமாக.

"பாருடா."

பார்த்தான். பையின் ஒவ்வொரு அறையாகத் திறந்து, கைவிட்டுத் துழாவிப் பார்த்தான். எனக்குக் கோபம் வரவில்லை. பார்க்காமல் விட்டிருந்தால்தான் பயந்திருப்பேன். கடைசியாக உள்பக்கத்துச் சின்ன அறையைத் திறந்தான். அதில் பட்டாணியின் நீலக் கிளிப் இருந்தது. அவள் சாமான்களைக் கட்டிக் கொடுத்தபோது நான் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டது.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். இருந்த இடத்திலேயே வைத்து, ஜிப்பை மூடி, பையை என் கையில் கொடுத்தான்.

"உள்ள வாக்கா, அவ காத்துக்கிட்டு இருக்கா" என்றான்.