தொட்டியில் ஊறிய சாம்பல்

மண்ணே இல்லாமல் செடி வளர்த்தவர் ஸ்ரீரங்கன். மந்தைவெளியில் தன் வீட்டு மொட்டைமாடியில் பிளாஸ்டிக் குழாய்களை வரிசையாகப் படுக்கவைத்து, மேலே ஓட்டை போட்டு, ஓட்டைக்கொரு செடி வைத்திருந்தார். சத்து கரைத்த தண்ணீரைச் சின்ன மோட்டார் ஒன்று தொட்டியிலிருந்து ஏற்றிவிடும். அது குழாயெல்லாம் சுற்றி மறுபடி தொட்டிக்கே வந்து விழும். கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். "மண்ணு வெறும் பாத்திரம். சாப்பாடு வேற" என்பார்.

அவர் மனைவி சுப்புலக்ஷ்மி அந்தக் கீரையை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. "கால் ஊன மண்ணில்லாததுக்கு என்ன ருசி இருக்கும்?" என்று ஒதுக்கிவிடுவாள்.

தொண்ணூற்றாறு ஐப்பசியில் அவர் போய்விட்டார். மாரடைப்பு. ஒரே மகன் சாய்சரண் அமெரிக்காவில் விசா சிக்கலில் மாட்டிக்கொண்டதால், அவர் தம்பி மகன்தான் கொள்ளி வைத்தான். கீழ்ப் போர்ஷனில் குடியிருந்து தையல் மெஷின் ஓட்டிய வஜீஹாவிடம் சுப்புலக்ஷ்மி மாமி வந்து நின்றாள்.

"சாய் வர்ற வரைக்கும் செடியைக் காய விட்டுடாதே. அப்பா என்ன பண்ணிண்டிருந்தார்னு அவன் பாக்கணும்."

வஜீஹாவுக்கு அது புதிய வேலை இல்லை. சாம்பல் கட்டுவதற்கு மல் துணியில் பை தைத்துக் கொடுத்ததே அவள்தான். விறகுச் சாம்பல் செடிக்கு நல்லது என்று ஸ்ரீரங்கன் குலாம் முகம்மதுவின் பிரியாணிக் கடையிலிருந்து சவுக்குச் சாம்பல் வாங்கி வருவார். மண்சட்டியில் கொட்டி, வெள்ளைத் துணியால் வாய் கட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் வைப்பார். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இடதுகைக்காரரின் சாய்ந்த எழுத்து. 'தினம் நாலரைக்கு மோட்டார். சனிக்கிழமை சாம்பல் மூன்று பிடி, பையில் கட்டித் தொங்கவிடவும்.'

முதல் சனிக்கிழமை, தொட்டிக்குப் பக்கத்தில் துணி கட்டிய சட்டி இருந்தது. வஜீஹா அவிழ்த்து மூன்று பிடி அள்ளினாள். சாம்பல் வழக்கத்தைவிட வெளுப்பாக இருந்தது. விரலில் கிளிஞ்சல் மாதிரி ஏதோ நெருடியது. சுண்ணாம்புச் சத்துக்காக அவர் கிளிஞ்சலும் போடுவதுண்டு. அவள் யோசிக்கவில்லை. பையைத் தொங்கவிட்டாள். அடுத்த மூன்று சனிக்கிழமையும் அப்படியே.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. பத்து நாளாக வெயில் முகம் காட்டவில்லை. தெருவில் இருந்த செடியெல்லாம் அழுகின. மாடியில் மட்டும் பசலை குழாயை மறைத்துக்கொண்டு படர்ந்தது. தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்த்தது. ஒருநாள் அடைப்பு எடுக்கக் குழாய் மூடியைக் கழற்றியவள் அப்படியே நின்றாள். வேர்கள் தண்ணீர் போகிற பக்கம் போகவில்லை. நீரோட்டத்தை எதிர்த்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, எல்லாம் சாம்பல் சட்டி இருந்த மூலையை நோக்கி நீண்டிருந்தன.

அன்று நன்றாகப் பழுத்த தக்காளி ஒன்று கையில் வந்து விழுந்தது. யாரையும் கேட்காமல், அங்கேயே நின்றபடி தின்றுவிட்டாள். அவள் வாழ்நாளில் அடுத்தவர் பொருளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஏன் செய்தோம் என்று அவளுக்கே புரியவில்லை.

மறுநாள் மாமி படியேறி வந்தாள். "கொஞ்சம் கீரை பறிச்சுக் குடேன்."

"நீங்க இத சாப்பிட மாட்டீங்களே மாமி?"

"ஏனோ தெரியலை. நாக்கு கேக்கறது."

அதிலிருந்து தினமும் கேட்டது. ஒரு வாரம் கழித்து வஜீஹாவுக்கு மாமி காபி நீட்டினாள். இடது கையால். அந்த வீட்டிலும் அது ஆகாது, வஜீஹா வீட்டிலும் ஆகாது. மாமி அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. பால்கார அட்டையில் கணக்கு எழுதியதும் இடது கை. எழுத்து சாய்ந்து கிடந்தது.

சாய்சரண் வருவதற்கு இரண்டு நாள் முன்பு போன் வந்தது. வஜீஹா ரவிக்கை அளவு எடுத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள்.

"பாதியை அப்பவே பெசன்ட் நகர் கடல்ல கரைச்சாச்சு" என்று மாமி போனில் சொன்னாள். "மீதி அஸ்தி உனக்காக வெச்சிருக்கு, ராமேஸ்வரத்துக்கு. ஆத்துக்குள்ள கொண்டு வரப்படாது, மாடியிலதான் இருக்கு. தொட்டிக்குப் பக்கத்துல, சட்டியில."

வஜீஹாவின் கையிலிருந்து டேப் நழுவியது. வஜீஹா வீட்டு வழக்கத்தில் இறந்தவர் அன்றே மண்ணுக்குப் போய்விடுவார். மனிதர் ஒரு சட்டியில் காத்திருப்பார் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

மாடிக்கு ஓடினாள். தொட்டிக்குப் பின்னால், தகரத்துக்கு அடியில், இன்னொரு சட்டி. அதே வெள்ளைத் துணி. திறந்தால் கறுப்பான சவுக்குச் சாம்பல். அஸ்திச் சட்டியை வைக்க வந்த யாரோ இதைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். அஸ்திச் சட்டியில் மிச்சம் இரண்டு பிடி இருந்தால் அதிகம்.

சவுக்குச் சாம்பலை ஒரு பிடி அள்ளினாள். அதில் கொட்டி நிரப்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு மகன் பிரியாணி அடுப்புச் சாம்பலைச் சுமந்து ராமேஸ்வரம் போவான். பிடியை விட்டாள், சாம்பல் மழைத் தரையில் கரைந்தது. அவள் கீழே இறங்கிப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

மாமி திட்டவில்லை. தன் இடது கையைப் பார்த்தாள்.

"அதானே பாத்தேன். அவர் அங்க போய்ச் சேரலை" என்றாள். "முழுசா போகணும் வஜீஹா. துளி தங்கினாலும் இந்த மாடியை விட்டுப் போகமாட்டார். செடியை வேரோட பிடுங்கிக் கோணியில கட்டு. தொட்டித் தண்ணியைக் கேன்ல ரொப்பு. நான் தின்னது என்கிட்ட இருக்கு, அதனால நானும் போய் சமுத்திரத்துல முழுகறேன்." நிமிர்ந்து பார்த்தாள். "நீ எதாவது தின்னியோ?"

திருடித் தின்ற தக்காளி வஜீஹாவுக்கு நினைவு வந்தது. இவ்வளவு பெரிய குற்றத்தைச் சொன்னவளுக்கு அந்தச் சின்னதைச் சொல்ல வாய் வரவில்லை.

"இல்ல மாமி."

"சத்தியமா?"

"சத்தியமா."

வந்து இறங்கிய சாய்சரணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "செடியெல்லாம் எதுக்கும்மா ராமேஸ்வரத்துக்கு?" என்று கேட்டுக்கொண்டே கோணியை ஆட்டோவில் ஏற்றினான். மாமி சட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

நான்காம் நாள் இருவரும் திரும்பினார்கள். மாமி வலது கையால் கதவைத் திறந்தாள். வலது கையால் பிரசாதம் நீட்டினாள். முகம் தெளிந்திருந்தது. "போய்ச் சேர்ந்துட்டார்" என்றாள்.

வஜீஹா பிரசாதத்தை வாங்கிக்கொண்டு மெஷினுக்குத் திரும்பினாள். துணியை விரித்துக் கத்திரியை எடுத்தாள். வெட்டு கோணலாகப் போயிற்று. எந்தக் கையில் பிடித்திருக்கிறோம் என்று அப்போதுதான் பார்த்தாள்.

கடிகாரம் நாலரை காட்டியது. கால்கள் தாமாக மாடிப்படி ஏறின. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, குழாய்கள் காலி. இடது கை நீண்டு சுவிட்சைப் போட்டது. வெறும் மோட்டார் வறட்டுச் சத்தத்தோடு ஓடத் தொடங்கியது.

கீழேயிருந்து மாமி மெதுவாகக் கூப்பிட்டாள்.

"வஜீஹா... மேல யாரு?"