அடியில் போடும் பலகை

டெல்மர் மறுபடியும் அந்த மெல்லிய ஷீட்டைத்தான் இழுத்தான். கால் அங்குல பிளைவுட். ஒரு முனையைத் தூக்கியதுமே மறுமுனை தொய்ந்து நெளிந்தது. ஏரிக்காற்று புகுந்து வந்த மரக்கடைக் கொட்டகையில், லோர்னா கையுறையைக் கழற்றாமல் நின்று கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் கூடத்துக் கம்பளத்தைப் பிய்த்து எறிந்தாகிவிட்டது. அடியில், வீடு கட்டிய காலத்துப் பலகைகள் குறுக்காக ஓடின. இடுக்குகளில் பென்சில் நுழையும். அதன்மேல் பிளைவுட் போட்டு, பிளைவுட்டின் மேல் மூங்கில் தரையை ஆணியடித்துப் பொருத்த வேண்டும். மூங்கில் பலகைகள் வீட்டுச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பழகட்டும் என்று பெட்டிகளைப் பிரித்துக் கூடத்திலேயே அடுக்கியிருந்தார்கள். சாப்பிடப் போகிறவர்கள் அதைச் சுற்றித்தான் போகவேண்டும். மெல்லிய பிளைவுட்டில் ஆணி பிடிக்காது என்பது டுலூத் மாதிரியான குளிர் ஊரில் வீடு வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். முதல் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வீடு காய்ந்ததும் தரை கிறீச்சிடத் தொடங்கும். அதற்குள் வீடு கைமாறிவிட்டால், அந்தச் சத்தம் வாங்கியவன் பாடு.

அங்கேதான் அவளுடைய சந்தேகம் வந்து நின்றது. எதிர்வீட்டு ஹௌகன் குடும்பம் புதுத் தரை போட்ட கையோடு வாசல் புல்வெளியில் விற்பனைப் பலகை நட்டது. டெல்மரும் கராஜ் கதவுக்குப் பெயின்ட் அடித்திருந்தான். அரிசோனாவிலிருந்து அவன் தம்பி வெயில் படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தான். போன் வந்தால் டெல்மர் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசினான். வீட்டின் கீழ்த்தளத்தில்தான் லோர்னா அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறாள். வீடு போனால் அந்தப் பிழைப்பும் போகும், அந்தக் குழந்தைகளும் போவார்கள்.

கடைக்கார ரஸ், டெல்மரோடு பள்ளியில் ஹாக்கி ஆடியவன், தடித்த ஷீட் ஒன்றை இறக்கி விளிம்பைக் காட்டினான்.

"இதப் பாருடா. உள்ள ஒரு பொந்து கெடையாது. ஆணி அடிச்சா கம்முனு பிடிச்சுக்கும். நீ வச்சுக்கிட்டு நிக்கிறியே, அது வாத்துக் கூண்டு செய்யத்தான் லாயக்கு."

"தடிச்சது போட்டா கூடம் சமையலறையைவிட ஒசந்துடும். கதவு நெலையில ஒரு விளிம்பு நிக்கும்," என்றான் டெல்மர்.

"நிக்கட்டுமே. எல்லார் வீட்லயும்தான் நிக்குது," என்றாள் லோர்னா. "விக்கப்போற வீட்டுக்குத்தான் இந்த அட்டை போதும்."

"யாரு விக்கப்போறது?"

"உன் தம்பியக் கேளு. காருக்குள்ள ஒளிஞ்சு அவன்கிட்டதானே பேசுற?"

"நான் போயி ஃபோர்க்லிஃப்ட் எடுத்துட்டு வரேன்," என்றான் ரஸ். ஆனால் போகவில்லை.

டெல்மர் துண்டுகள் கிடந்த தொட்டியிலிருந்து ஒரு தடித்த பிளைவுட் துண்டை எடுத்து சிமென்ட் தரையில் போட்டான். கொஞ்சம் பின்னால் போனான். அவள் முகத்தைப் பார்த்தபடியே நடந்து வந்தான். வலது கால் ஏறியது. இடது பாதத்தின் நுனி விளிம்பில் இடித்தது. பலகை வழுக்கியது, ரஸ் தாவி அவன் தோளைப் பிடித்தான்.

"காலத் தூக்கினேன்னுதான் நெனச்சேன்," என்றான் டெல்மர். "குனிஞ்சு பாத்தாத்தான் தூக்கலைன்னே தெரியுது. போன்ல பேசினது நரம்பு டாக்டர் ஆபீஸ், லோர்னா. தம்பி இல்ல."

"எப்பலேருந்து?"

"பனி உருகின சமயத்துலேருந்து."

அவளுக்கு இரக்கம் உடனே வரவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டு, இத்தனை மாதம் இதை விழுங்கிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறான்.

"வேற என்ன மறைச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல."

"வீட்ட விக்க மாட்டல்ல?"

டெல்மர் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தான். "படுக்கை மாடியில இருக்கு. எத்தனை நாளைக்குப் படி ஏறுவேன்னு டாக்டருங்களும் சொல்ல மாட்டேங்கறாங்க."

அது பதிலா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ரஸ் தொண்டையைச் செருமினான். "எந்த ஷீட்டு ஏத்தட்டும்? கடை பூட்டணும்."

லோர்னா வழுக்கிப்போன துண்டைக் காலால் நேராக்கினாள். பிறகு கண்களை மூடிக்கொண்டு, டெல்மரைப் போல இடது காலைத் தூக்காமல் சிமென்ட்டில் இழுத்து இழுத்து, அதன் விளிம்பை நோக்கி நகர்ந்தாள்.